ஜொய்சியிடம் பேசிய நிறங்கள்

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி, ஹட்டனில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போய் வந்தாள் ஜொய்சி. பத்தொன்பது வயது. அப்பா இல்லை. அம்மா றோசலின் கொழுந்து பறிப்பவள்.

அந்த வருட மழைக்காலத்தில் சின்னச் சத்தங்கள் எல்லாம் ஜொய்சிக்குப் பெரிதாய்க் கேட்கத் தொடங்கின. தகரத்தில் விழும் மழையைத் துளித்துளியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. மலையில் பனி இறங்கும்போது, அதற்குள் யாரோ தன்னை நினைத்தபடி நிற்பதுபோல் இருந்தது. முதலில் அது பயமாக இல்லை. அழகாகவே இருந்தது. பஸ்ஸின் ஜன்னல் ஈரத்தில் விரலை வைத்துக்கொண்டு, பாதி தூக்கத்தில் நடப்பவள்போல் நாட்களைக் கடந்தாள்.

பிறகு நிறங்கள் மாறின. கடையில் சிவப்புச் சேலைகள் அவளைக் கண்டதும் மூச்சை அடக்கிக்கொண்டன. யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. பஸ் ரேடியோ தனக்கு மட்டும் ஏதோ சொல்கிறது என்று நினைப்பாள். மறு நிமிடமே, ‘சே, எனக்கு எதுக்கு ரேடியோ சொல்லப்போகுது’ என்று தலையை உலுக்கிக்கொள்வாள். தூக்கம் போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவிப் போனது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

கூட வேலை செய்த சுலக்ஷனாதான் ஒரு மத்தியானம் கவனித்தாள். சிவப்புச் சேலைகளை எல்லாம் ஜொய்சி சுவர்ப்பக்கமாகத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னாடி பண்ற?”

“அதுங்க பேசுற மாதிரி இருக்கு.”

சுலக்ஷனா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என்னா சொல்லுதுங்க?”

“தெரியல. எம்பேர சொல்ற மாதிரி. நெசமா இல்லன்னும் தெரியுது. ஆனா கேக்குது.” ஜொய்சி இன்னொரு சேலையையும் திருப்பி வைத்தாள். “யார்கிட்டயும் சொல்லிறாத.”

“வெளியில சொல்ல மாட்டேன். ஒங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லுவோம். நானும் வாறேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுலக்ஷனா லயத்துக்கு வந்தாள். இருவரும் சொன்னதைக் கேட்ட றோசலின், தேத்தண்ணியை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். வெளியே அவளுடைய அண்ணன் லியனார்ட் வெயிலில் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இதே வயதில்தான் தொடங்கியது. நூல் கட்டினார்கள், ஜெபம் செய்தார்கள், வருடங்கள் ஓடின. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முப்பது தாண்டிவிட்டது. இப்போது டாக்டர் தந்த குளிசை மாத்திரைகளைப் போடுகிறார், சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் அதிகம் இல்லை.

“கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆஸ்பத்திரி வேணாம் புள்ள. லயமே பைத்தியம்னு பேசும்” என்றாள் றோசலின்.

“கோயிலுக்கும் போங்க ஆன்ட்டி. ஆஸ்பத்திரிக்கும் போவோம்.”

ஜொய்சி மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, மாமாவ அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா?”

றோசலின் மறுபடி வாசலைப் பார்த்தாள். மறுநாள் காலை அவள் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மகளை எழுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அம்மா சிங்களம் கலந்த தமிழில் பேசினார். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் றோசலின்தான் வாயைத் திறந்தாள்.

“எங்க அண்ணன் மாதிரி ஆயிருவாளாங்க?”

“அப்படி இப்ப சொல்ல ஏலாது, அம்மா. இந்த மாதிரி வார புள்ளைங்கள்ல கொஞ்சப் பேருக்கு வருத்தம் பெரிய நோயா முத்தும். நெறையப் பேருக்கு அப்படி ஆவறதில்ல. ஆனா இவள நாங்க பாக்காம விட்டுறக் கூடாது. இப்பவே வந்தது நல்லது.” பிறகு ஜொய்சியிடம் திரும்பினார். “நல்லா தூங்கணும் மகள். தனியா இருக்க வேணாம். பயம் வந்தா ஒளிக்காம சொல்லணும். மாசாமாசம் வரணும்.”

அதன் பிறகு எல்லாம் ஒரேயடியாகத் தெளிந்துவிடவில்லை. மறு மழைக்காலத்தில் ஒருமுறை பனிக்குள்ளிருந்து தெளிவாகவே குரல் கேட்டது. அவள் வேலைக்குப் போகாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். கொஞ்சக் காலம் குளிசையும் போட்டாள். றோசலின் அவளோடு வாதாடவில்லை. “இப்ப கேக்குதா?” என்று மட்டும் கேட்பாள். “கேக்குது” என்றால் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். குரல்கள் மெல்ல மெல்ல, தூரத்து லயத்தில் யாரோ பேசுவதுபோல் ஒடுங்கின. பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே கேட்கவில்லை. டாக்டர் குளிசையைக் குறைத்து, நிறுத்தினார். இடைக்கிடை வந்து காட்டிப் போகச் சொன்னார்.

இப்போது ஜொய்சிக்கு இருபத்திரண்டு வயது. கடையில் பிள்ளைகளின் உடுப்புப் பகுதி அவள் பொறுப்பு. போன மாதம், ஆட்டோ ஓட்டும் றொக்சன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். ஆற்றுப் பாலத்தில் வைத்து, எதையும் மறைக்காமல் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கீழே தண்ணீரின் மேல் பனி நகர்ந்துகொண்டிருந்தது. அவன் பாலத்துக் கம்பியில் சாய்ந்து அதைப் பார்த்தான்.

“எனக்கு இதப் பத்தி ஒன்னும் தெரியாது” என்றான் கடைசியில். “பயமாத்தான் இருக்கு. அடுத்த தடவ நானும் டாக்டர்கிட்ட வரட்டா?”

“அம்மாகிட்ட கேட்டுட்டு சொல்றேன்” என்றாள் ஜொய்சி. அவளுக்குச் சிரிப்பு வந்தது.