மெர்வின் ஹோலக் மாற்றிய சென்சார்கள்

பென்சில்வேனியாவின் மேற்குக் கோடியில், ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் சைலன்சர் வேலை என்றால் மெர்வின் ஹோலக்தான். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிற ஊர் அது. உப்பு காரின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். புகைக்குழாய் இற்றுத் தொங்க வருகிறவர்களுக்கு அவர் கொட்டகையை விட்டால் வேறு போக்கிடம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். அப்பா வேலை பார்த்த இரும்பாலை மூடிய வருஷம் பட்டாளத்துக்குப் போய், அங்கே வெல்டிங் கற்றுக்கொண்டு திரும்பியவர். பேச்சு குறைவு. காரை மேலே தூக்கி, அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "விட்டுட்டுப் போ, சாயங்காலம் வா" என்பார். காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பழைய ஆலைக்காரர்கள், ஊர் வண்டிக்கெல்லாம் மாட்டியதுபோக மிச்சமிருந்த சைலன்சரைத் தன் வாயிலேயே மாட்டிக்கொண்டான் என்று அவர் காதுபடவே கேலி செய்வார்கள். மெர்வின் காபியை முடித்துவிட்டு எழுந்து போவார்.

கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தொழிலில் பாதிப் பேருக்கு இருக்கும் வியாதி அவருக்கும் இருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தால், கோளாறைப் படிக்கும் கருவியைச் செருகுவது, கருவி எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவது. இதில் அதிகமாக அடிபடுவது ஆக்ஸிஜன் சென்சார்தான்.

பாவப்பட்ட பொருள் அது. கட்டைவிரல் அளவு இருக்கும். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியில் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே பீங்கான், அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் சுடுபுகை. இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜனுக்கு எவ்வளவு வித்தியாசமோ, அதற்கேற்ப அந்தப் பீங்கானில் துளி மின்சாரம் பிறக்கும். நன்றாக ஏறினாலும் ஒரு வோல்ட்டுக்குள்தான். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் மின்சாரம் இறங்கும். பெட்ரோல் போதவில்லை என்று காரின் கணினி கூடுதலாக ஊற்றும். ஆக்ஸிஜன் தீர்ந்திருந்தால் மின்சாரம் ஏறும். கணினி கையை இழுத்துக்கொள்ளும். வண்டி ஓடுகிற மட்டும் இது ஓயாமல் நடக்கும். தன் முன்னால் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பது மட்டுமே சென்சாருக்குத் தெரியும். அது எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க மனிதன்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

மெர்வினுக்கு இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தெரிந்தும்தான் இப்படி நடந்தது.

மெக்கானிக் பெண்டாட்டியின் வண்டிக்கு வரிசையில் எப்போதும் கடைசி இடம். மெர்வினின் மனைவி டோரீன் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தாள். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். பழைய பச்சைக் கார். நவம்பர் கடைசியில், மான் வேட்டை தொடங்கிய வாரம் அதில் மஞ்சள் விளக்கு எரிந்தது. முன்பக்கச் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்கிறது என்று கருவி சொன்னது. மெர்வின் அலமாரியிலிருந்து ஒரு புதுச் சென்சாரை எடுத்து மாட்டினார். சில நாளில் விளக்கு திரும்ப எரிந்தது. மட்டமான சரக்கு என்று திட்டிக்கொண்டே இன்னொன்றை மாட்டினார். அதற்கும் எரிந்தபோது அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைதோறும் கருவியைச் செருகி விளக்கை அணைத்துவிடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

அதே குளிர்காலத்தில்தான் டோரீனுக்குத் தலைவலி வந்தது. தலை இடிக்கும், குமட்டும், வேலையில் கை ஓடாது. வண்டியில் ஏறினால்தான் இப்படி வருகிறது என்று அவரிடம் சொன்னாள். வெறும் வயிற்றோடு போகிறாய், தூக்கமும் கிடையாது, வண்டி என்ன செய்யும் என்றார் அவர். என்றாலும், அவள் வேலை முடிந்து வந்து நிறுத்தியதும் ஒருநாள் எஞ்சின் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். எஞ்சின் சீராக ஓடியது. டாக்டர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

டோரீனின் பயம் தலைவலி மட்டுமல்ல. சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். தினம் சாப்பாடு கொடுக்கும் கிழவரின் பெயர் வாயில் வரவில்லை. அவள் அப்பா கடைசிக் காலத்தில் மகளை யாரென்று கேட்டுவிட்டுச் செத்தவர். ஒரு நாள் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கித் தட்டில் போட்டுவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்குப் புத்தி போகுதுன்னா போகுதுன்னு சொல்லு, மெர்வ். இல்லேன்னா இல்லேன்னாவது சொல்லு."

"டாக்டர் குடுத்த மாத்திரையப் போடு" என்றார் மெர்வின்.

நல்ல மனிதர்தான், கையோங்காதவர், குடிக்காதவர். ஆனாலும் அந்த ஒரு பதிலுக்காக அவரை அறையலாம் போல இருக்கிறது எனக்கு.

ஜனவரியில் குளிர் கடுமையாக இறங்கிய ஒரு காலை, டோரீன் வாசலில் காரை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் படிந்த பனி உருகியபின் கிளம்பினாள். ஊர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிலக்கரி ரயில், முடிவே இல்லாமல் போனது. கேட் திறந்தும் பச்சைக் கார் நகரவில்லை. பின்னால் நின்ற வண்டியிலிருந்த பெண் ஹாரன் அடித்துப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து கதவைத் திறந்தாள். டோரீனின் தலை ஸ்டியரிங் மேல் கிடந்தது. அந்தப் பெண் அவளை வெளியே இழுத்துப் போட்டாள், அதனால் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கார்பன் மோனாக்சைடு என்றார்கள். மணமில்லாத, நிறமில்லாத விஷம்.

அவள் கண் விழித்துப் பேசும்வரை கட்டிலருகில் நின்றுவிட்டு, மெர்வின் கொட்டகைக்குப் போனார். இழுத்து வந்து நிறுத்தியிருந்த கார் நாள் முழுக்கக் குளிரில் விறைத்துக் கிடந்தது. அந்த வண்டியைச் சில்லென்ற நிலையில் அவர் ஸ்டார்ட் செய்தது அன்றுதான் முதல் தடவை. டிக் டிக் என்று சத்தம் கேட்டது. எஞ்சினை ஒட்டிய மேனிபோல்டு என்னும் வார்ப்பிரும்புக் குழாயில், சென்சாருக்குச் சற்று முன்னால், ஒரு விரிசல், ஓரமெல்லாம் கரி. நெடுஞ்சாலையில் ஓடிப் பழுக்கச் சூடேறினால் இரும்பு விரிந்து விரிசல் இறுகிவிடும், சத்தமும் அடங்கிவிடும். குளிரில் திறந்துகொள்ளும். ஒவ்வொரு மூச்சுப் புகைக்கும் நடுவில் அது வெளிக்காற்றை உறிஞ்சியது. அந்த ஆக்ஸிஜனைத்தான் சென்சார் சொன்னது. மாற்றிய ஒவ்வொன்றும் உள்ளதைத்தான் சொன்னது. கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்ட, புகையில் விஷம் கூடியது; விரிசலில் கசிந்ததை ஹீட்டர் இழுத்து அவள் முகத்தில் ஊதியது. மெர்வின் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் அவளிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். டோரீன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ என் புத்திக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"இன்னொரு தடவை சொல்லு."

"உனக்கு ஒண்ணும் இல்ல, டோரீன். வண்டியிலதான் கோளாறு. நீ சொன்னதுதான் சரி."

அவள் வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். மன்னித்துவிட்டாள் என்று எண்ணி மெர்வினுக்கு மூச்சு வந்தது. புது மேனிபோல்டு வரவழைத்து இரண்டு நாளில் தானே மாட்டிவிடுவதாகச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை நீ தொட வேணாம், மெர்வ். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆல்டன் கடையில விடு."

ஆல்டன் கிரைடரும் மெர்வினும் ஒரே தொழிலில் முட்டிக்கொண்டிருப்பவர்கள் என்பது ஊரறிந்தது. மெர்வின் வாக்குவாதம் செய்யவில்லை. காரை இழுத்துக்கொண்டு போய் அங்கே போடச் சொன்னார். அவள் வீடு திரும்பிய வாரம், தன் டிரக்கிலேயே அவளை ஆல்டன் கடைக்கு அழைத்துப் போனார். டோரீன் ஏறியதும் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். ஜனவரிக் காற்று இருவர் முகத்திலும் அறைந்தது. அப்படியே பாலத்தைத் தாண்டினார்கள்.

ஆல்டன் வழக்கப்படி மெர்வினைப் பார்த்து என்ன கோளாறு என்று கேட்டார்.

"அவளைக் கேளு" என்று சொல்லிவிட்டு, மெர்வின் வாடிக்கையாளர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

டோரீன் முதலிலிருந்து சொன்னாள். ஆல்டன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "தலைவலி எப்போல்லாம் வரும்? போறப்பவா, வர்றப்பவா?" என்றார்.

"காலையில மட்டுந்தான். சூடேத்தறதுக்கு உள்ளயே உக்காந்திருப்பேன் இல்ல, அப்போ. திரும்பி வர்றப்ப உடனே கிளம்பிடுவேன், அவ்வளவா தெரியாது."

மெர்வினுக்கு அது அன்றுவரை தெரியாது. குளிர்ந்த எஞ்சினில் மட்டும் என்று யார் சொன்னாலும், அவர் நேரே போய் விரிசலைத்தான் தேடியிருப்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே வீட்டில் இருந்தும் அவர் அவளிடம் அதைக் கேட்கவில்லை.