மலைக்குப் போக ரெடியான ரெண்டு பேர்

எங்க கம்பெனி ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் சர்வீஸ் சென்டர் திறக்குது. போக விருப்பம் இருக்கிறவங்க நாளைக்குள்ள ஏதாவது ஒரு ஊரை ஃபார்ம்ல எழுதிக் குடுக்கணும்.

இன்னைக்குக் காலையில கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டினதுல இருந்து எனக்கும் ரூம்மேட் இசக்கிக்கும் இதே பஞ்சாயத்துதான்.

"ஊட்டிதாம்ல. தெனமும் ஏரியைச் சுத்தி ஓடலாம்"னான்.

நான் கொடைக்கானல் கட்சி. லீவு நாள்ல காட்டுக்குள்ள நடக்கலாம், டென்ட் போட்டுத் தங்கலாம்னு அளந்து விட்டேன்.

முன் சீட்ல இருந்த குவாலிட்டி செக்‌ஷன் ஷீபா திரும்பிப் பார்த்துச்சு. அதுக்குக் கொடைக்கானல்தான் சொந்த ஊரு.

"நானும் பத்து வருசம் காட்டுக்குள்ள நடந்தேண்ணே. ஸ்கூலுக்குப் போக வேற வழி இல்ல. ஊரு பூரா சமதரையா இருக்குன்னுதான் இங்க வேலைக்கே வந்தேன்."

"அது உனக்குக் கஷ்டம் தங்கச்சி. எங்களுக்கு நடக்கதுன்னா உசுரு"ன்னு இசக்கி சொல்லி வாய் மூடறதுக்குள்ள, முன்னாடி ஒரு டிரெய்லர் லாரி திரும்ப முடியாம மாட்டிக்கிச்சு. பஸ் நின்னுடுச்சு. கம்பெனி கேட் கண்ணுக்குத் தெரியுற தூரம்தான்.

ஷீபா பையை எடுத்துக்கிட்டு இறங்கி நடந்துடுச்சு.

நாங்க ரெண்டு பேரும் "இப்ப எடுத்துருவாங்க"ன்னு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம்.

உள்ள போனப்ப ஷீபா டீயைக் குடிச்சு முடிச்சிட்டு, "மலை ஏறிட்டு வர்றீங்களாண்ணே?"னு கேட்டுச்சு.

ஃபார்ம் இன்னும் காலியாத்தான் இருக்கு. ஊட்டியா கொடைக்கானலா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாசல் வரைக்கும் ஷேர் ஆட்டோ வர்ற ஊரா இருந்தா நல்லது.