ஐந்து நாளைக்கு மூன்று சட்டை

எங்கள் வீட்டில் துணி இரண்டே வகை. நல்ல துணி, காட்டுத் துணி. நல்ல துணி கல்யாணத்துக்கும் கோயிலுக்கும். அது பழசானால் வயல் வேலைக்குப் போடுகிற காட்டுத் துணி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கும் என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை. காலையில் தக்காளித் தோட்டத்தில் மண்டி போட்டுவிட்டு, மதியம் அதே உடுப்போடு ஆபீசில் போய் நிற்கிற வேலையை எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. படித்ததும் நான்தான் முதல் ஆள். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை.

சொட்டுநீர்க் குழாய் விற்கிற ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக ஒப்பந்த ஆள், ஊர் ஊராகப் போய் விவசாயிகளைப் பார்க்கிற வேலை. மாரண்டஹள்ளிப் பக்கம் இருக்கிற வீட்டிலிருந்து திங்கட்கிழமை கிளம்பினால் திரும்ப வெள்ளியோ சனியோ ஆகிவிடும். முதல் வாரம் ஐந்து நாளைக்கு ஐந்து சட்டை, ஐந்து பேன்ட் என்று கட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனேன். அதில் இரண்டு வெள்ளைச் சட்டை. புதன்கிழமைக்குள் இரண்டிலும் செம்மண் ஏறிவிட்டது, இன்றைக்கு வரை போகவில்லை. பையைத் தூக்கிப் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியதில் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது, அதனால் வேண்டாம். முழுக் கறுப்பில் புழுதி தெரியும். அதோடு, விடிந்ததும் கறுப்பில் வந்து நிற்கிறவனைச் சில வீடுகளில் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். சாம்பல் நிறப் பேன்ட் இரண்டு, எந்தச் சட்டைக்கும் ஒத்துப்போகும். கம்பெனி கொடுத்த கருநீலச் சட்டை ஒன்று, சிறு கட்டம் போட்ட காக்கி நிறச் சட்டை ஒன்று. ராத்திரி ஒன்றை அலசிப் போட்டுவிட்டு மறுநாள் இன்னொன்று. வத்தல்மலை ஏறுகிற வாரம் ஒரு ஸ்வெட்டர், அதையே சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் தோளில் மாட்டுகிற ஒரே பையில் அடங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அந்தப் பையைப் பார்க்கிறபோதே உடம்பு வலிக்கத் தொடங்கிவிடும்.

போன கார்த்திகையில் மட்டும் மூன்றாவதாக ஒரு சட்டை எடுத்து வைத்தேன். வெளிர்நீலம். இஸ்திரி போட்டு, கசங்காமல் இருக்க அட்டை வைத்து, துணிக்கடைக் கவரோடு. வெள்ளிக்கிழமை ஓசூரில் ஒரு பூ நாற்றுக் கம்பெனியில் இன்டர்வியூ. ஆபீசுக்குள் உட்கார்ந்து கணினியில் பதிவு பார்க்கிற வேலை, நிரந்தரம். கிடைத்தால் ஓர் அறை எடுத்து, ஓர் ஆணியில் சட்டையை மாட்டிவிட்டு ஒரே இடத்தில் இருக்கலாம். அம்மா அந்த மாதம் முழுக்கச் செவ்வாய் வெள்ளி பார்த்து விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வத்தல்மலையிலிருந்து இறங்கும்போது அம்மாவின் போன் வந்தது. அதியமான்கோட்டையில் இருக்கிற என் அத்தையின், அதாவது அம்மாவின் அண்ணன் மனைவியின், பெரியப்பா காலமாகிவிட்டார். தாங்கள் காரியத்துக்கு வந்துகொள்வதாகவும், நான் பக்கத்தில் இருப்பதால் வீட்டுக்கு ஓர் ஆளாகத் தலையைக் காட்ட வேண்டும் என்றும் அம்மா சொன்னாள். எப்படியும் அன்று ராத்திரி அத்தை வீட்டில் தங்கிவிட்டு விடிகாலையில் ஓசூர் பஸ் பிடிப்பதாகத்தான் ஏற்பாடு.

எழவு வீட்டுக்குப் பையோடு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்களுக்கும் தெரியும். ரோட்டோர டீக்கடையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். உள்ளே சர்டிபிகேட் பைல் இருந்தது, விட மனசு வரவில்லை. அத்தை வீட்டுக்குப் போய் வைக்கலாம் என்றால் அது இரண்டு தெரு தள்ளி, சாவி எழவு வீட்டுக்குள் இருக்கிற அத்தையிடம். மூன்று நாள் மலை ஏறி இறங்கிய கால். பையை மாட்டிக்கொண்டே உள்ளே போய் மாலையைப் போட்டேன், பையோடே பந்தலில் உட்கார்ந்தேன், பையோடே சுடுகாடு வரைக்கும் போனேன்.

எடுத்து முடித்ததும் அத்தை வீட்டு வாசலில் தொட்டித் தண்ணீரில் தலை முழுகினேன். துவட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது பை காலியாகத் தரையில் கிடந்தது. அத்தை என் துணி மொத்தத்தையும் ஒரு குண்டாவில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. தீட்டுப் போக வேண்டுமே என்று இரண்டு கைப்பிடி மஞ்சள் தூளைக் கரைத்திருந்தாள். பைலின் மேலும் தெளித்து, கூரை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

"அத்த, நாளைக்கு இன்டர்வியூங்க" என்றேன்.

"அதுக்குத்தான மாப்ள அலசறன். எழவு வூட்டுத் தீட்டோட போயி நின்னா எவன் வேல குடுப்பான்?"

கவரைப் பிரித்துத்தான் போட்டிருக்கிறாள். வெளிர்நீலம் அங்கங்கே பச்சையாகத் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. காக்கிச் சட்டை அதைவிட மோசம். மஞ்சள் கறை வெயிலில் போட்டால் போய்விடும், அது எனக்கும் தெரியும். ஆனால் பொழுது இறங்கிவிட்டது, நாளைக்கு வெயில் வருவதற்குள் நான் ஓசூரில் இருக்க வேண்டும். மாமா தவறிப் பல வருடம் ஆகிறது, அந்த வீட்டில் ஆண் துணியே கிடையாது. எழவுக்கு வந்த சனத்திடம் சட்டை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாம்பல் பேன்டில் கறை அவ்வளவாகத் தெரியவில்லை, சட்டையில் தப்பியது கருநீலம் ஒன்றுதான். அதன் மார்புப் பைக்கு மேல் இப்போதைய கம்பெனியின் பெயர் மஞ்சள் நூலில் தைத்திருந்தது. ஒரு கம்பெனியின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு இன்னொரு கம்பெனியில் எப்படிப் போய் வேலை கேட்பது?

அதைச் சொன்னதும் அத்தையின் முகம் செத்துவிட்டது. சட்டையை வாங்கிப் பிளேடு எடுத்துக்கொண்டு லைட்டுக்கு அடியில் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எது முதல் எழுத்து, எது கடைசி என்றில்லாமல் நடுவில் ஆரம்பித்து, நெல்லில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு நூலாக இழுத்தாள். நான் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன், கோபப்படவும் தெம்பில்லை.

"தப்பா நெனச்சிக்காத மாப்ள" என்றாள், குனிந்தபடியே. "நல்லதுன்னு பண்ணன்."

"இருக்கட்டும் அத்த" என்றேன்.

விடிகாலையில் ஈரம் போக இஸ்திரி போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு வருட வெயிலில் சட்டை வெளுத்திருந்தது, எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. நூல் போயும் கம்பெனிப் பெயர் அப்படியே படிக்கிற மாதிரி இருந்தது. பஸ் வந்துவிட்டது. அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

இன்டர்வியூவில் இருந்தது ஒரு மேடம் மட்டும். பைலைக் குறுக்கே பிடித்து நெஞ்சை மறைத்துக்கொண்டு நுழைந்தேன். பைலைக் கொடுங்கள் என்று கை நீட்டினார். கொடுத்தேன். சர்டிபிகேட்டைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், வெளுத்த தோள்பட்டையையும் பார்த்தார்.

"இத யாருங்க பிரிச்சது?"

நடந்ததைச் சொன்னேன், மஞ்சள் தூள் வரைக்கும். மேடம் சிரித்தார். குத்தலாக இல்லை, அவரும் இந்தப் பக்கத்துக்காரராக இருக்கலாம். அதற்கப்புறம் கணினி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எந்தெந்த ஊரில் சுற்றியிருக்கிறேன், எத்தனை விவசாயிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் என்றே கேட்டார். கடைசியில், உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், வெளியே போய் வர ஆள்தான் கிடைப்பதில்லை என்றார். சம்பளம் அதேதான், நிரந்தரம்தான், வாரத்தில் ஐந்து நாள் பயணம்.

"வெயிலுக்குப் பழகுன ஆளு நீங்க. ஒத்துக்கறீங்களா?"

ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நிரந்தரம் என்கிற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் இதுவரை வந்ததில்லை. சரிங்க மேடம் என்றேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு அம்மாவுக்கு போன் போட்டேன். கிடைத்துவிட்டது என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"உக்காந்து பாக்கற வேலதான சாமி?"

எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பாலக்கோடு பஸ் கிளம்ப ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.