மணல் தின்ற குதிரை

ஏற்காடு ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் எங்கள் பெண்குதிரையை ஊருக்கே பிடிக்கும். பக்கத்து மனைக்காரரைத் தவிர. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கொட்டகையை ஒட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலை வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்கம்மா, கொட்டி வெச்ச மணலு கொறைஞ்சுக்கிட்டே வருதுங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?”

திருடி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

“ஆமாங்க, தெனமும் பொரியல் பண்ணிச் சாப்பிடறோம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அன்று மாலை குதிரை தீனியைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தாள், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தாள், படுத்துப் படுத்து எழுந்தாள். உடனே போன் போட்டேன். கால்நடை டாக்டர் வந்து அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

“கடல் அலை மாதிரி கேக்குதுங்க. வயித்துல மணல் சேந்திருக்கு.”

மலையுச்சியில் கடல்! மணல்மேட்டோரம் தரையில் போட்ட புல்லோடு மணலையும் அள்ளித் தின்றிருக்கிறாள். டாக்டர் வலிக்கு ஊசி போட்டார். அவள் போடும் லத்தியைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டுப் பார்க்கச் சொன்னார். அடியில் மணல். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நேரே ரைட்டரிடம் போனேன்.

“இந்தாங்க உங்க மணலு. மிச்சம் உள்ளார இருக்குது.”

அவர் விரலால் தொட்டே பார்த்தார். “நம்ம எம்-சாண்டுதானுங்க” என்றவர் முகம் மாறியது. “புள்ள பொழைச்சுக்குமுங்களா?”

அதோடு என் கோபம் போயிற்று.

டாக்டர் சொன்ன மருந்து, மலச்சிக்கலுக்கு நாம் குடிக்கும் இசப்கோல் உமி. மனிதருக்குப் போலவே தண்ணீரில் ஊறவைத்தோம், பசையாகிவிட்டது. குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போஸ்டர் ஒட்டலாமுங்க” என்றார் ரைட்டர். பிறகுதான், ஊறவைக்காமல் தவிடும் வெல்லமும் சேர்த்துப் பிசறி உடனே வைக்கவேண்டும் என்று தெரிந்தது. புல் தொட்டிக்குள் போனது. மணல்மேட்டுக்குத் தார்ப்பாய் வந்தது. தினமும் காலையில் ரைட்டர் காபி டம்ளரோடு வந்து பக்கெட்டை எட்டிப் பார்ப்பார். மணல் குறையக் குறைய அவருக்கு ஒரே சந்தோஷம்.

அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவன்று எழுந்ததும் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் மாலையிலிருந்து குதிரை லத்தியே போடவில்லை. மறுபடியும் அடைத்துக்கொண்டதோ? கூப்பிட வந்த ரைட்டரிடம், நான் வரவில்லை என்றேன்.

“அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க. என் மணலைத் தின்னவ, என் ஊட்டுக்கு வராம இருப்பாளா?”

பசு முதலில் நுழைந்தது. பின்னால் எங்கள் குதிரை. கூடத்தின் நட்டநடுவில், புது டைல்ஸ் மேல், தாராளமாக லத்தி போட்டாள். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரைட்டர் கத்தினார்.

“யாருங்க அங்க, பக்கெட்டைக் கொண்டாங்க!”