அண்ணையின் கட்டடத்துக் குருவிகள்

1. நாய் இல்லாத வகுப்பு

முதுகெலும்புள்ள பிராணிகளைப் படிக்கும் முள்ளந்தண்டுளி விலங்கியல் வகுப்பின் முதல் நாளில் பேராசிரியர் எங்களிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "இங்கே எத்தனை பேர் வெட் ஆகப் போகிறீர்கள்?"

மிருக வைத்தியராகும் கனவோடு அரைவாசிக்கு மேல் கை தூக்கினோம். அந்த அம்மையார் சிரிக்கவில்லை.

"அப்படியென்றால் ஒரு நாயையோ பூனையையோ காப்பாற்ற வந்திருக்கிறீர்கள். இந்த வகுப்பில் இரண்டும் இல்லை. மீன், தவளை, பாம்பு, பறவை இருக்கின்றன. பெரும்பாலும் செத்தவை."

இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டுக் கனடாவின் மொன்றியலுக்கு வந்திருந்தேன். எனக்கு அந்த வகுப்பு வெட் பள்ளிக்கு விண்ணப்பிக்கத் தேவையான ஒரு பாடம், அவ்வளவுதான். சுறாவின் மண்டையைக் கீறி நரம்புகளைத் தேடிவிட்டு மெற்றோவில் ஏறினால், தலைமயிரில் ஒட்டியிருந்த ஃபோர்மலின் மணத்துக்கு என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

2. பிறீசர்

அடுத்த வருடம் அதே பேராசிரியரிடம் கொன்சர்வேஷன், அதாவது உயிரினப் பாதுகாப்புப் பாடம். வலசை போகும் பறவைகள் கண்ணாடிக் கட்டடங்களில் மோதிச் சாவதை ஆராய்வதுதான் எங்கள் குழுவின் வேலை. கட்டடம் ஒன்று தேட வேண்டியிருந்தது. எனக்கு ஒன்று தெரியும்.

என் தமையன் ஜெகன் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் அவர்தான். இலையுதிர் காலம் வந்தால், ஊழியர்கள் வருவதற்கு முன் கட்டடத்தைச் சுற்றி விழுந்து கிடக்கும் குருவிகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவதும் அவருடைய வேலை.

"அண்ணை, இனி அதுகளை எறியாதேங்கோ. பையில போட்டுக் கொண்டு வாங்கோ," என்று கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? மனேஜர் கண்டால் என்ர வேலை போயிடும்."

அப்படிச் சொன்னவர்தான் மறுநாளே கொண்டுவந்தார். கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று பையில் எழுதியும் இருந்தார். பேராசிரியரிடம் பறவைகளைச் சேகரிக்கும் அனுமதி இருந்தது. அதில் என் பெயரையும் அண்ணையின் பெயரையும் சேர்த்துவிட்டார். ஆனால் செத்த குருவிகளை வீட்டுப் பிறீசரில் உறைய வைக்க அம்மாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

"என்ன பிள்ளை இது, மீனுக்குப் பக்கத்தில? கோழிக்குஞ்சோ?"

"படிப்புக்கம்மா."

"படிப்பைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில வை. இது சாப்பாடு வைக்கிற இடம்."

ஒருநாள் அண்ணை கொண்டுவந்த வெண்தொண்டைச் சிட்டு ஒன்றுக்கு உயிர் இருந்தது. அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தேன். மத்தியானம் அது தெளிந்தது; வெளியே பெட்டியைத் திறந்ததும் பறந்துவிட்டது. பெருமையோடு போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன்.

"நல்லது. அது திரும்பவும் அதே கண்ணாடிக்குத்தானே வரும்? அதற்கு என்ன செய்யப் போகிறாய்?"

கோபம் வந்தது. மெற்றோவின் மஞ்சள் லைனில் ஆற்றைக் கடக்கும்வரை அவர் மேல் கோபம். லொங்குய்யில் இறங்கி அந்தக் கட்டடத்தைப் பார்த்தபோது கோபம் அதன் மேல் திரும்பியது. பைகளில் அண்ணை எழுதியிருந்ததைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாப் பறவைகளும் மரங்களைப் பார்த்த, அவற்றின் பிம்பம் கண்ணாடியில் தெரியும் ஒரே பக்கத்தில்தான் விழுந்திருந்தன.

3. மனேஜரின் அறை

மனேஜரைச் சந்திக்க நேரம் வாங்கினேன். அண்ணை ஒன்றுதான் கேட்டார். "நான் உன்ர அண்ணை எண்டு மட்டும் சொல்லிப் போடாதை."

பறவைகளை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி எடுத்துப் போனேன். மாலை வகுப்பில் கற்ற பிரெஞ்சில் விளக்கினேன். மனேஜர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மத்மசெல், பறவைகள் காலங்காலமாகச் சாகின்றன."

"இந்தக் கண்ணாடி காலங்காலமாக இல்லையே, மிஸ்யூ."

வினைச்சொல்லைத் தேடித் தேடிச் சொன்னதில் நான் நினைத்ததைவிட அது அழுத்தமாக விழுந்துவிட்டது. அவர் முகம் மாறியது.

"இவற்றை உனக்கு யார் தந்தது?"

"நானே பொறுக்கினேன்."

"காலையில் வளவுக் கதவு பூட்டித்தான் இருக்கும். நீ உள்ளே வந்திருக்க முடியாது." துப்புரவுக் கொம்பனிக்கு எடுக்கப் போவதாகச் சொல்லித் தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

வெளியே நடையைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணை அறை வாசலுக்கு வந்து நின்றார். என்னைவிட நல்ல பிரெஞ்சில், குரலை உயர்த்தாமல் சொன்னார். "நான்தான் கொடுத்தேன். இவள் என் தங்கச்சி. எறியச் சொன்னீர்கள், நான் எறியவில்லை."

மனேஜர் தொலைபேசியை வைக்கவும் இல்லை, இலக்கத்தை அழுத்தவும் இல்லை. தட்டைத் திரும்பவும் பார்த்தார்.

"இவ்வளவும் இந்தக் கட்டடத்திலா?"

"ஆம். இவை கொஞ்சம்தான். மிச்சம் வீட்டுப் பிறீசருக்குள் இருக்கிறது," என்றார் அண்ணை.

பறவைகளின் கண்ணுக்குத் தெரியும்படி கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டச் செலவழிக்க முடியாது என்றார் மனேஜர். மரங்களைப் பார்த்த பக்கத்தில் மட்டும், பனி விழும்வரை, கயிறு தொங்கவிட அனுமதி கேட்டேன். யாராவது முறைப்பாடு செய்தால் அன்றே வெட்ட வேண்டும் என்றார். சரி என்றேன்.

4. கயிறுகள்

ஒரு சனிக்கிழமை, கூரை விளிம்பிலிருந்து நான்கு விரல் இடைவெளிக்கு ஒன்றாக மெல்லிய கயிறுகளைத் தொங்கவிட்டோம். லீவு நாளென்றாலும் அண்ணையும் வந்து கூரையில் ஏறினார். சிறை மாதிரி இருக்கிறது என்று ஓர் ஊழியர் சொன்னாராம். ஆனால் முறைப்பாடு எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் விழுந்த பறவை அரிது. மறுபக்கத்தில் வழக்கம்போல இடைக்கிடை விழுந்தன. பனி விழுந்து முடிந்து வசந்தம் வந்தபோதும் கயிறுகளை வெட்டச் சொல்லி மனேஜர் கேட்கவில்லை. மறுபக்கத்தில் கட்ட அனுமதி தரவும் இல்லை. அண்ணையின் வேலை போகவில்லை.

வெட் பள்ளி முதல் முறை என்னை எடுக்கவில்லை. நேர்முகத்தில் என் பிரெஞ்சு தடுக்கித் தடுக்கி விழுந்தது. ஒரு வருடம் வீட்டில் அண்ணையோடு பிரெஞ்சில் மட்டுமே கதைத்தேன். அடுத்த முறை, நான் குணப்படுத்திய ஒரு பிராணியைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். பெட்டிக்குள் தெளிந்த சிட்டை ஒரு வசனத்தில் முடித்துவிட்டு, கயிறுகளைப் பற்றிச் சொன்னேன். இடம் கிடைத்தது.

5. எந்த மாடி?

இப்போது மொன்றியலின் தென்கரையில் வெட்டாக வேலை செய்கிறேன். வெட் படிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: விலங்கியலை வாசற்படியாக நினைத்து அவசரமாகத் தாண்டாதீர்கள். காயத்துக்கு மருந்து போடப் பிறகு கற்றுத்தருவார்கள். காயம் எங்கிருந்து வருகிறது என்று தேடும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

பக்கத்து ஊரான புரோசார்ட்டிலிருந்து ஓர் அக்கா, மாடியிலிருந்து விழுந்து கால் முறிந்த பூனையைக் கொண்டுவந்தார். எந்த மாடி, பல்கனிக்கு வலை இருக்கிறதா என்று விசாரித்தேன்.

"டொக்டர், காலைப் பாருங்கோ. பல்கனியை ஏன் கேக்கிறியள்?"

"கால் பொருந்தீடும் அக்கா. பல்கனி அப்பிடியேதானே இருக்கும்."

முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் வலை அடித்திருக்கிறார். அதன்பிறகு அந்தப் பூனை என்னிடம் வருவது தடுப்பூசிக்கு மட்டும்தான்.