முதலாளிக்கு மாடம்மாள் கொடுத்த மார்க்

மாடம்மாள் மலையாளப் பக்கம் பொன்முடியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அங்கே அடி என்பது கஞ்சி மாதிரி, வேளைக்கு வரும். அப்பா அடித்தார். பிறகு மேஸ்திரி அடித்தான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையைப் பிச்சைக்கனி எடுத்துக்கொண்டான். அவன் திசையன்விளைப் பக்கத்துக்காரன், கொத்தனாருக்குக் கையாள். மகள் அனுஷா கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் குழந்தை மேல் கையை ஓங்கினான். மாடம்மாள் கவாத்துக் கத்தியை எடுத்து அவன் தோளில் இறக்கினாள். அவன் சாகவில்லை. தையல் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவன் திரும்பி வரவும் இல்லை. அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

குழந்தையோடு மலையிறங்கி, நெடுமங்காடு ரோட்டில் ஷைஜுவின் பாக்குமட்டைத் தட்டுக் கம்பெனியில் சேர்ந்தாள். நனைத்த மட்டையைச் சூடான இரும்பு அச்சின் நடுவில் வைத்து அழுத்தினால் தட்டாக வரும். அவளோடு சேர்த்து ஒன்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். மற்ற எல்லாரும் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். டவுனில் பழவங்காடிக் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அங்கிருந்துதான் தட்டு போகும். பின்கட்டில் அவளுக்கு ஒரு அறை கொடுத்திருந்தான். அனுஷா வளர்ந்ததும் அவள் நர்சிங் படிப்புக்கு ஃபீஸையும் அவனே கட்டினான்.

ஷைஜுவைக் கெட்டவன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. மூளைக்காரன். கேஸில் சூடாக்கிக்கொண்டிருந்த அச்சை, வெட்டி எறியும் மட்டைத் துண்டுகளாலேயே சூடாக்க ஓர் அடுப்பை அவனே வடிவமைத்தான். மட்டை நனைத்த தண்ணீரை மணலில் வடிகட்டி மறுபடி தொட்டிக்கே விட்டான். ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், பத்திரிகையில் படம் வரும். ஆனால் தட்டில் விரிசல் விழுந்தால் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசுவான். கூட வேலை பார்க்கும் கமலத்தின் காது ஒன்று கேட்காமல் போனது அப்படித்தான். அது காய்ச்சலால் வந்தது என்று கமலமே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கம்பெனிக்குத்தான் ஆதிரா வந்தாள். டவுனில் ஸ்ரீவராகம் பக்கத்துத் தமிழ்ப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"ஒரு முதலாளி ஆட்களை எப்படி நடத்தறார், அந்தக் கம்பெனி சுற்றுச்சூழலுக்குன்னு புதுசா என்ன பண்றது, இந்த ரெண்டுக்கும் எவ்வளவு சம்பந்தம்னு அளக்கறேன் மாமி," என்றாள்.

"எதை வெச்சு அளப்ப, டேப்பா?" என்று மாடம்மாள் கேட்டாள்.

"கேள்வி கேப்பேன். ஒண்ணுலேர்ந்து அஞ்சுவரைக்கும் மார்க் போடணும். உங்க பதிலை முதலாளி பாக்க மாட்டார். கவர்ல போட்டு ஒட்டிடுவேன்."

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாள் மலையாளத்தில் அச்சாகியிருந்தது. அங்கே மலையாளம் பேசத் தெரியாதவர்கள் இல்லை, படிக்கத் தெரிந்தவர்களும் இல்லை. ஆதிரா சற்று யோசித்தாள். ஷைஜுவை வெளியே அனுப்பிவிட்டு, பெண்களைத் தரையில் உட்கார வைத்து, கேள்விகளைத் தமிழில் உரக்க வாசித்தாள். பதிலை விரலால் காட்டச் சொன்னாள். ஒருத்தி காட்டுவதை இன்னொருத்தி பார்ப்பாளே என்று அவளுக்குத் தோன்றவில்லை. சுவரின் மேல்பாதி முழுக்கக் கம்பிவலை என்பதும் தோன்றவில்லை. வலைக்கு வெளியே ஷைஜுவின் மச்சான் வினீத் பீடி குடித்துக்கொண்டு நின்றான். மேற்பார்வை அவன் வேலை.

"புது யோசனை சொன்னா முதலாளி காது கொடுத்துக் கேப்பாரா?"

எல்லாரும் ஐந்து காட்டினார்கள். மாடம்மாளும் ஐந்துதான். அடுப்பின் வாயைச் சாய்க்கச் சொன்னவளே அவள்தான், அவன் கேட்டான்.

"கஷ்டமான காரியத்துல அவரே முதல்ல இறங்குவாரா?"

ஐந்து.

"தப்பு பண்ணிட்டா பயமில்லாம அவர்கிட்ட சொல்ல முடியுமா?"

எட்டுக் கைகள் ஐந்து காட்டின. கமலம் கேள்வி காதில் விழாமல் பக்கத்துக் கையைப் பார்த்துக் காட்டினாள். மாடம்மாள் ஒரு விரலை நிமிர்த்திப் பிடித்தாள்.

ஆதிரா கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஷைஜு உள்ளே வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"மாடம்மா, எனக்கு ஒரு விரல் காட்டினியாமே."

"அந்த ஒரு கேள்விக்குத்தான். மத்ததுக்கெல்லாம் அஞ்சு காட்டினேனே, அதை வினீத் சொல்லலையா?"

அடுத்த மெஷினில் நின்ற பிந்து தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அறைந்த அறையில் மாடம்மாளின் உதடு கிழிந்தது. அவள் தட்டெடுக்கும் இடுக்கியை வீசினாள், அவன் தாடையில் பட்டு ரத்தம் வந்தது. அவன் அவள் தலைமயிரைப் பிடித்து முகத்தை மெஷின் தூணில் இரண்டு தடவை மோதினான். பிறகு வலது கையைப் பிடித்து விரித்து, கீழ் அச்சின்மேல் வைத்து, தன் உடம்புப் பாரம் முழுவதையும் அதில் சாய்த்தான்.

"காட்டு. இப்பக் காட்டு."

பிந்துதான் அவன் சட்டையைப் பற்றி இழுத்தாள். அவளுக்கு முழங்கையால் ஓர் இடி. அதற்குள் மாடம்மாளின் உள்ளங்கைத் தோல் அச்சோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

யாரோ பல் விளக்கும் பேஸ்ட் கொண்டுவந்தார்கள். "அதை எடுத்துட்டுப் போ. தண்ணியத் திற," என்றாள் மாடம்மாள். குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பல் கிட்டிப்போயிருந்தது. முகத்து ரத்தம் தொட்டித் தண்ணீரில் சொட்டியது.

வினீத் ஆட்டோவில் கூடவே வந்தான். "மெஷின்ல கை போச்சு. அவ்வளவுதான் சேச்சி, கேட்டோ? ரூம் இருக்கும், மோள் படிப்பு இருக்கும், ஆஸ்பத்திரிச் செலவும் ஷைஜு ஏட்டனே பாத்துக்கும்."

அவசரப் பிரிவில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். "மெஷின்," என்றான் வினீத்.

"மெஷினுக்கு ஷைஜுன்னு பேரு டாக்டரே," என்றாள் மாடம்மாள். "மூஞ்சியையும் பாருங்க. தட்டு மெஷின் மூஞ்சியில அறையாது."

மறுநாள் காலையில் பின்கட்டு அறையின் பூட்டை உடைத்துச் சாமான்களை ரோட்டில் எறிந்துவிட்டார்கள். அனுஷா ஒரு குக்கரையும் சர்டிபிகேட் பையையும் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். அவள் நெற்றியில் புடைத்திருந்தது. வினீத் தள்ளிவிட்டிருக்கிறான்.

"மெஷின்னு சொல்லிட்டா என் படிப்பாவது முடியும்மா."

"முடியும். அடுத்து எவ கையையாவது வைப்பான். நீ வந்து மருந்து கட்டு."

அனுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று விரல் நுனிகளை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரி ரெஷ்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "சேச்சி, நிங்கள் ஒருத்தர்தான் அவன் அடிச்சான்னு சொல்றீங்க. அங்க எல்லாரும் மெஷின்னு சொல்றாங்க. கண்ணால கண்ட ஒருத்தராவது சொல்லணும். இல்லைன்னா ஸ்டேஷன்ல இருக்கற அவன் வெளிய வந்துடுவான். இடுக்கியால அடிச்ச கேஸ் உங்க தலையில வரும்."

ரெஷ்மா எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆதிரா வந்து கட்டில்கால் பக்கம் நின்றாள். அவள் நடந்ததைப் பார்த்தவளில்லை, சாட்சிக்கு ஆகமாட்டாள்.

"என்னாலதான் மாமி. கைடு இந்தக் கம்பெனியை ஆராய்ச்சியிலேர்ந்தே எடுத்துடச் சொல்றார்," என்று அழ ஆரம்பித்தாள்.

"அழறதுன்னா வராந்தாவுக்குப் போ. எடுத்துட்டா உன் கணக்கு நேராயிடுமா?"

"எட்டுப் பேரோட அஞ்சும் பயத்துல போட்டதுதானே. அதை வெச்சு எப்படி…"

"அவன் அடுப்பு நல்ல அடுப்பு. என் கை வெந்து கிடக்கு. ரெண்டும் நெசம், ரெண்டையும் எழுது."

"அதுக்கு அதுல கட்டமே இல்லையே மாமி."

"கோடு போடத் தெரியுமில்ல, போடு."

அப்போது பிந்து வார்டுக்குள் வந்தாள். வந்த வேகத்திலேயே கட்டில் சட்டத்தை எட்டி உதைத்தாள். மாடம்மாளின் கட்டுப்போட்ட கை குலுங்கியது, வலியில் அவள் கண் செருகியது.

"கம்பெனிக்குப் பூட்டுப் போட்டாச்சு, சந்தோசமா உனக்கு? ஒன்பது வீட்டு அடுப்பை அணைச்சிட்டியேடி. அந்த விரலை மடக்கி வெச்சுக்கிட்டிருந்தா என்ன, தேய்ஞ்சா போயிருக்கும்?"

"நீ சிரிச்ச பாரு, அதுக்கு விழுந்த அறை எனக்கு," என்றாள் மாடம்மாள்.

"சிரிச்சேன்தான். அதுக்கு? அவன் அறைஞ்சப்பவே கால்ல விழுந்திருந்தா விட்டிருப்பான். நீ இடுக்கிய வீசின. உன் மூஞ்சியத் தூண்ல மோதினானே, அப்பவாவது வாயை மூடினியா? உன் கையை அச்சுல வெச்சு அமுக்கினப்ப நான் சட்டையப் பிடிச்சு இழுத்தேன், நெஞ்சுல இடி வாங்கினேன். இன்னும் மூச்சு விட்டா குத்துது. யாருக்காகடி இதெல்லாம்?"

ரெஷ்மாவின் பேனா நின்றிருந்தது.

"பேர் என்ன?" என்று கேட்டாள்.

பிந்து அப்போதுதான் காக்கி உடுப்பைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள், மாடம்மாளைப் பார்த்தாள். கை தானாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

"நான் சும்மா கோவத்துல பேசினது," என்றாள்.

"நெஞ்சுல இடி வாங்கினதும் கோவத்துலயா? எக்ஸ்ரே எடுத்தாத் தெரிஞ்சிரும்," என்றாள் ரெஷ்மா.

மாடம்மாள் கெஞ்சவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவி," என்றாள் பிந்து. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "பாவி. என்னைய இழுத்துட்டாளே."

மாடம்மாள் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள். பிந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பிந்து. அப்பா பேர் தங்கராசு," என்றாள். "எழுதுங்க. முதல்லேர்ந்து சொல்றேன். நடுவுல கேள்வி கேக்காதீங்க."