குளியல் தொட்டியும் ஆறு கம்பளியும்

மலைக்கு மூட்டை கட்டுகிறவள் மலையைப் பார்த்தே இருக்கமாட்டாள். ஆனால் மேலே எது குறைந்தாலும் ஏச்சு அவளுக்குத்தான். "மறந்துட்டுப் போனதை மலைமேலே எவனும் விக்கமாட்டான், தங்கச்சி" என்று எனக்கு முதலில் சொன்னவர் பங்களா சமையற்காரர் மாசிலாமணி அண்ணன். அது என் கடைசி மகளுக்குக் கல்யாணம் ஆன வருஷம். அன்று முதல் சுரங்கத்துத் துரைமார் லீவுக்கு நந்தி மலை ஏறும்போதெல்லாம் சாமான் கட்டுவது என் வேலை. பங்களாக்களில் பாடுபடுகிற சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புது பூட்ஸ்

விருந்துக்கு வந்த சின்னத் துரை, காலில் ஒருநாளும் போடாத பூட்ஸை மலைக்கென்றே வைத்திருந்தார். எண்ணெய் தடவி ஒரு வாரம் இங்கேயே போட்டு நடக்கட்டும் என்று பட்லர் ஞானமுத்துவிடம் கெஞ்சினேன். அவர் சொன்னாரோ இல்லையோ, துரை இறங்கி வந்தது நாலு பேர் தோளில், குதிகால் இரண்டும் தோலுரிந்து. வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "மூட்டையில் பஞ்சு ஏன் குறைவாக வைத்தாய்?"

தண்ணீர்ப் பை

தோல் பையை முதல் நாளே நிரப்பித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். சுமக்கிறவர்களுக்கு வழியில் அதுதான் தண்ணீர். துரைசானி மூக்கைப் பொத்திக்கொண்டு அதை எடுத்துப் போடச் சொல்லி, அந்த இடத்தில் தமக்குச் சோடா பாட்டில்களை அடுக்கினார். மற்றவர்கள் எதைக் குடிப்பார்கள் என்றேன். "வழியில் குட்டை இல்லையா?" என்றார்.

கம்பளி

கிறிஸ்துமஸ் லீவு. சுமக்கப் போன ஆறு பேரில் என் மூத்த மகன் சாமுவேலும் ஒருவன். சுரங்கத்துக்குள் இறங்கிக் கல் தூசி தின்ற நெஞ்சு அவனுக்கு. பெஞ்சாதி, மூன்று பிள்ளைகள். ஆறு பேருக்கும் ஆறு கம்பளி வைத்துக் கட்டினேன். நான் ஜெபம் பண்ணி எழுந்து வருவதற்குள் ஞானமுத்து அவற்றை உருவிப் போட்டு, துரைசானியின் தகரக் குளியல் தொட்டியைக் கட்டிவிட்டார்.

"ஷாஃப்ட்டுலே வேகறவனுங்களுக்குக் குளிர் இன்னாம்மா பண்ணும்?" என்றார். சுரங்கக் குழி வெக்கையில் ஊறின உடம்புக்குத்தான் குளிர் தாங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

ஐந்தாம் நாள் சாமுவேலை அதே வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் சளி கட்டி ஜன்னி கண்டிருந்தது. மூன்று வாரம் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு முழங்காலில் கிடந்தேன். கர்த்தர் மகனைத் திருப்பிக் கொடுத்தார். கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நலம் விசாரிக்க வந்த துரைசானி சொன்னது: "மேலே காலையில் வெந்நீர்க் குளியல் எவ்வளவு சுகம், தெரியுமா?"

முடிச்சு

அடுத்த லீவுக்குச் சாமான் கட்ட ஆள் வந்தது. போனேன். கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, குளியல் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். "ஆறு கம்பளியும் முதலில் வண்டி ஏறட்டும். இல்லையென்றால் துரைசானி அம்மாவே கட்டிக்கொள்ளட்டும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உள்ளே போய் வெகுநேரம் பேசிவிட்டு, ஞானமுத்து கம்பளிகளைச் சுமந்து வந்தார். "இன்னாக்கா, ஜெபக் கூட்டத்துலே உங்க சத்தம் பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேக்காதே."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, மலைக்குப் போகிறவர்கள் மலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் போகிறார்கள் என்பதுதான். நீங்கள் மூட்டை கட்டும்போது, சுமக்கிறவரைக் கூப்பிட்டு, போர்த்திக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.